கிணற்றடி அறையும் மூன்று தென்னங்கன்றும்

786

ஆம்பூர்
1927 பிப்ரவரி 10, வியாழக்கிழமை

கல்கத்தாவில் இருக்கும் அருமை அண்ணன் ஹயாத் பாஷா அவர்கள் சமூகத்துக்குத் தங்கை நசீமுன்னிசா ஸலாம் கூறி எழுதியது. இங்கே அண்ணி பில்கிஸ், உங்கள் மகள் சைரா, நான் மூவரும் ஆண்டவன் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பும் தோல் மண்டி வியாபாரமும் நன்றாக இருக்க ஐந்து வேளையும் துஆக் கேட்கிறோம்.

உங்கள் தந்தி திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. நம் தோல் ஷாப் கணக்கப்பிள்ளை நந்தகோபால் கூடத்தில் நின்று படித்துச் சொன்னார். "வேலையை நிறுத்து" என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் தபாலாபீஸில் கூடுதலாக வாங்குவார்கள் போலிருக்கிறது. தந்தி வந்த அன்று கொல்லைச் சுவர் நாலடி இருந்தது. இன்று ஏழடி. சேதி கேட்டதும் மேஸ்திரி பரந்தாமன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதாவது, என்னை மறைத்திருந்த மூங்கில் தட்டியைப் பார்த்தார். "இன்னாம்மா பண்றது?" என்று கேட்டார். "கலவை காயுது, கல்லை வையுங்க" என்றேன். வைத்தார்.

இதுவரை நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் நந்தகோபால் கையால் எழுதியது. பாவம், நல்ல மனிதர். ஆனால் நான் கோபமாகச் சொன்னால் அவர் பணிவாக எழுதுவார். "தங்கள் சித்தம் என் பாக்கியம்" என்று ஒரு கடிதத்தில் இருந்ததாம், தபாலில் போடும் முன் அண்ணி படித்துச் சொன்னார். அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்ததே கிடையாது. ஆகையால் இனி நானே எழுதுகிறேன். அம்மா இறந்த வருஷம், எனக்கு ஆறு வயது, பாலாற்று மணலில் என் விரலைப் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் அப்படி.

நான் என்ன கட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். கொல்லையில் கிணற்றுக்குத் தெற்கே, பதினாலடிக்குப் பத்தடி, ஓர் அறை. அதையொட்டி ஒரு சின்ன சமையல் சார்ப்பு. கிழக்கே ஒரு ஜன்னல், அது தோட்டத்தைப் பார்க்கும். கருங்கல் அஸ்திவாரம், சூளைச் செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே பனங்கையும் நாட்டு ஓடும். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். மதில் எழும்பிவிட்டால் முக்காடு நழுவுகிறதே என்று பயப்படாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் பாத்தி பிரித்துவிட்டேன். எலுமிச்சை நாலு வைத்திருக்கிறேன். அப்பா வைத்த மாதுளையைச் சுற்றிச் செங்கல் பதித்து மேடை கட்டப்போகிறேன். இதற்கெல்லாம் நிக்காஹ்வில் எனக்கு வந்த மஹர் பணமும் அம்மாவின் காசுமாலையும் போதும். உங்களிடம் ஒரு தம்பிடி கேட்கவில்லை.

ஏன் கட்டுகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், பிறகு நந்தகோபால் சரியாகச் சொல்லவில்லை என்று ஆகிவிடக் கூடாது. ஜனவரியில் நீங்கள் எழுதினீர்கள்: பக்ரீத் தோல் வந்து குவிவதற்குள் கொல்லைப்புறம் முழுவதும் தோல் கிடங்கு ஆகவேண்டும், செடிகளைப் பிடுங்கிவிடவேண்டும், நசீம் விறகறைக்குப் பக்கத்தில் இருக்கும் அறைக்கு மாறிக்கொள்ளட்டும் என்று. அந்த அறையில் எருமைக்கன்று கட்டியிருந்தபோது அதுவே மூச்சுத் திணறி வெளியே வந்து நின்றது. அதையும் விடுங்கள். உப்புப் போட்ட பச்சைத்தோலைக் கிணற்றடியில் அடுக்கினால் கிணறு என்ன ஆகும்? ஷாப்புகளை ஒட்டிய கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. நம் தெருவில் வாயில் வைக்கிற மாதிரித் தண்ணீர் இருப்பது இந்த ஒரு கிணற்றில்தான். காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் இருபது குடம் நிற்கிறது. நீங்கள் கல்கத்தாவில் குழாய்த் தண்ணீர் குடிக்கிறீர்கள், உங்களுக்கு மறந்திருக்கும்.

இன்னொரு விஷயம். இந்த வீடு அப்பா கட்டியது. ஷாப் உங்கள் உழைப்பு, அதில் ஒரு தோல் துண்டும் எனக்கு வேண்டாம். ஆனால் அப்பா வீட்டில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று விதித்தது நானல்ல. அந்த ஒரு பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். முன்கட்டு, கூடம், மாடி எல்லாம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லை எனக்கு. கிணறு எல்லோருக்கும். அப்பாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் நீ விட்டுக்கொடுத்தாயே என்று சொல்வீர்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை, அண்ணே. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வெளியில் பள்ளிவாசல் முத்தவல்லி கவுஸ் பாஷா என்ன கேட்டார் என்பதுகூட எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. அப்பா போன துக்கத்தில் வாயடைத்திருந்தவளிடம் கேட்டுவிட்டு, மௌனம் சம்மதம் என்று எழுதிக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள்.

பேர்ணாம்பட்டில் என் வீட்டுக்காரர் தலாக் எழுதிக் கொடுத்தபோது நீங்கள்தான் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். குடியாத்தத்தில் ஏறிய ரயிலில் நான் முழு வழியும் அழுதேன். ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது, "அழுவாதே நசீம், உன் வீடு இருக்குது" என்று சொன்னீர்கள். பத்து வருஷமாக அந்த வார்த்தையை வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் அதைச் செலவு செய்கிறேன்.

சைரா ஸலாம் சொல்லச் சொன்னாள். அண்ணியிடம் ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல, சொகமா இருக்கேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உங்கள் நீண்ட ஆயுளுக்குத் துஆச் செய்யும் தங்கை,
நசீமுன்னிசா


786

ஆம்பூர்
1927 மார்ச் 22, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு நசீமுன்னிசாவின் ஸலாம். ரமலான் பாதிக்கு மேல் போய்விட்டது. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் மூவரும் ஒரு நோன்பும் விடவில்லை. சைராவுக்கு இதுதான் முதல் முழு வருஷம். மஃரிப் பாங்கு சொல்வதற்கு ஒரு நாழிகை முன்னாலிருந்தே பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

நீங்கள் எனக்குப் பதில் எழுதவில்லை. ஷாப்பைப் பார்த்துக்கொள்ளும் இஷ்தியாக் அகமதுவுக்கு எழுதினீர்கள். அவர் கூடத்துக்கு வந்து நின்று, "அண்ணன் ரொம்ப பேஜாரா இருக்காரு. அன்னிக்கே நாலு பேர் சாட்சியில விட்டுக்குடுத்தாச்சாம். பொம்பளைக்கு எதுக்கு தனி வாசல்னு கேக்கறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதத்தில் நீங்கள் எழுதியது அவ்வளவுதானா, இல்லை அவர் தன் பங்குக்கு மசாலா சேர்த்தாரா தெரியவில்லை. எதுவானாலும் பதில் ஒன்றுதான். தனி வாசல் வேண்டும், அண்ணே. உங்கள் வாசலில் நான் வருவதும் போவதும் பத்து வருஷமாக எல்லோருக்கும் கண்ணில் படுகிறது. விருந்துக்கு யாராவது வந்தால், "இது யாரு, அந்தத் தலாக் ஆன பொண்ணா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

இஷ்தியாக் பாய் முதலில் பரந்தாமனை மிரட்டினார். இங்கே இன்னொரு கல் வைத்தால் ஷாப்பில் தோல் ஊறப்போடும் குழி கட்டும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். பரந்தாமனுக்கு வீட்டில் ஆறு வயிறு. மறுநாள் வந்து, தட்டிக்கு வெளியே தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். போகும்போது தூக்குக்குண்டு, மட்டப்பலகை, பூச்சுக் கரண்டி எல்லாவற்றையும் சுவர்மேலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்துவிட்டாராம். சித்தாள் எல்லம்மா சிரித்தாள். "மேஸ்திரி ஒரு ஆணியக்கூட மறக்கற ஆளு இல்லம்மா" என்றாள்.

எல்லம்மாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். கணியம்பாடிப் பக்கத்துக்காரி. இருபது வருஷமாகக் கலவைச் சட்டி சுமக்கிறாள். சுமந்துகொண்டே மேஸ்திரிகள் கையைப் பார்த்துப் பார்த்து எல்லா வேலையும் தெரிந்துவைத்திருக்கிறாள். யாரும் அவளிடம் கரண்டி கொடுத்ததில்லை, அவ்வளவுதான். கொடுத்தேன். அவளும் அவள் நாத்தனார்கள் இரண்டு பேரும் மீதிச் சுவரைத் தூக்கிவிட்டார்கள். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தோம், ஒரு நூல் பிசகவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆம்பளைகள் எல்லாம் போய்விட்டதால் எனக்குத் தட்டி தேவையில்லாமல் போயிற்று. இரண்டு மாதமாக மூங்கில் இடுக்கு வழியாக ஒரு குச்சியை நீட்டி இங்கே ஜன்னல், அங்கே நிலைப்படி என்று காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நானே சுண்ணாம்பில் கால் வைத்து நிற்கிறேன். என்னை வேலையிலிருந்து நிறுத்த நினைத்த இஷ்தியாக் பாய் என்னை வேலைக்கே அனுப்பிவிட்டார். அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்.

பூச்சு வேலைக்குக் கடுக்காய் வேண்டியிருந்தது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் ஊற்றி அரைத்தால்தான் காரை இறுகும். நம் ஷாப்பில் தோல் பதம் போட மூட்டை மூட்டையாகக் கடுக்காய் கிடக்கிறது. ஒரு மரக்கால் கேட்டனுப்பினேன். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லம்மா சந்தையில் மலைக்காரர்களிடம் வாங்கி வந்தாள். அது ஷாப் கடுக்காயைவிடத் தரம் ஜாஸ்தி.

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்து படியுங்கள். போன வாரம் புதன்கிழமை மத்தியானம் நான் லுஹர் தொழுதுகொண்டிருந்தேன். கொல்லைக் கதவு வழியாக வண்டிச் சத்தம் கேட்டது. தொழுகையை முடித்து ஓடிப்போய்ப் பார்த்தால், ஏழு வண்டி. உங்கள் கல்கத்தாத் தோலை உதறிக் கூட்டிய உப்பு, மயிரும் சாணியும் கலந்து நாறியது. தோட்டம் முழுக்கக் கொட்டிவிட்டார்கள். மல்லிகைப் பாத்தி, ரோஜாப் பாத்தி, எலுமிச்சை, எல்லாவற்றின் மேலும். கிடங்குக்குப் பள்ளத்தை நிரப்ப அண்ணன் உத்தரவு என்று வண்டிக்காரன் சொன்னான். அண்ணே, அது உங்கள் உத்தரவா? உண்மையை எழுதுங்கள். உங்கள் உத்தரவென்றால் நான் தாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு இல்லை.

அன்று நான் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது? அடுத்த நாள் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. உப்பு கரைந்து மண்ணுக்குள் போயிற்று. எலுமிச்சை இலை நுனியிலிருந்து கருகியது. மல்லிகை ஒரே நாளில் வாடிவிட்டது. அப்பாவின் மாதுளை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிறது. கிணற்றைச் சுற்றி நாங்கள் உடனே களிமண்ணால் வரப்புப் போட்டோம். அதனால் தண்ணீர் தப்பியது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அந்த உப்பைக் கொட்டாமல் இருந்திருந்தால் தெருவில் பாதிப் பேருக்கு இங்கே நடப்பதே தெரியாது. கிணற்றுக்கு ஆபத்து என்று கேட்டதும் குடம் எடுக்க வருகிற அத்தனை பெண்களும் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அன்வரி பேகத்துக்கு அறுபது வயது, முழங்கால் வலி. அவரும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நோன்பு வாயோடு ஐந்து நாள், சாயங்காலம் அஸர் வரைக்கும், வரிசையாக நின்று மண்ணைச் சுரண்டிக் கூடை கூடையாகக் கைமாற்றினோம். உள்ளங்கை எல்லாம் உப்புப் பட்டு வெடித்துவிட்டது. நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. அண்ணியும் வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையை வாங்கினார்.

சுரண்டிய மண்ணை எல்லம்மாவின் ஆட்கள் வண்டியில் ஏற்றிப்போய் ஷாப் வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். "உங்க சாமான் உங்ககிட்டயே இருக்கட்டும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று எல்லம்மா சொல்லிவிட்டு வந்தாளாம். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது.

அடிமண்ணில் இறங்கிய உப்பை மட்டும் எடுக்க முடியவில்லை. இனி இங்கே என்ன முளைக்கும் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். எல்லம்மா சிரிக்கிறாள். "உப்பு இருந்தா தென்னம்புள்ள குஷியா வரும்மா. எங்க ஊர்ல குழிக்கு ரெண்டு படி உப்பு போட்டுத்தான் வெப்பாங்க. காசு போட்டு வாங்கற உப்ப அவரு சும்மா கொட்டிட்டுப் போயிருக்காரு" என்றாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்வார்கள். இஷ்தியாக் பாயை நான் மறக்கவே மாட்டேன்.

ஈத் பெருநாளுக்கு உங்களுக்குப் புது லுங்கி இரண்டு குடியாத்தத்திலிருந்து வாங்கி வைத்திருக்கிறோம். சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், லுங்கி போட்டுக்கொள்ளுங்கள். பார்சலில் அனுப்புகிறேன்.

துஆவுடன்,
நசீமுன்னிசா


786

ஆம்பூர்
1927 மே 20, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு நசீமுன்னிசாவின் ஸலாம். கோடை மழை இரண்டு நாள் நன்றாகப் பெய்தது. பாலாற்றில் தண்ணீர் வரவில்லை. ஊற்று மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். லுங்கி கிடைத்தது என்று நந்தகோபாலுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் ஓரத்தில் இருந்ததாமே. எனக்கு எழுத வேண்டியதை ஊருக்கெல்லாம் எழுதுகிறீர்கள்.

ஜமாஅத்துக்கும் எழுதினீர்கள். அதைத்தான் இன்று எழுதவேண்டும். இஷ்தியாக் பாய் அங்கே வந்து தன் வாயால் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட நினைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஐந்து பேர் வந்தார்கள். புதிதாக வந்திருக்கும் பெரிய ஹஜ்ரத், முத்தவல்லி கவுஸ் பாஷா, இஷ்தியாக் பாய், இன்னும் இரண்டு பேர். கூடத்தில் ஜமக்காளம் விரித்தோம். உள்வாசலில் திரை கட்டினோம். அதே வாசல், அதே ஆணி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் எந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேனோ அதே இடத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அழக்கூடாது என்று வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக் கடித்துக்கொண்டேன். அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சைரா அவர் மடியில் சாய்ந்துகொண்டாள்.

உங்கள் கடிதத்தைப் படித்தார்கள். பெண் அன்றே விட்டுக்கொடுத்துவிட்டாள், நாலு பேர் சாட்சி என்று. ஹஜ்ரத் கவுஸ் பாஷாவிடம், பெண் என்ன வார்த்தை சொன்னது என்று கேட்டார். "வார்த்தைன்னு ஒன்னும் சொல்லல ஹஜ்ரத். சும்மா இருந்துச்சு. வயசுப் பொண்ணு சும்மா இருந்தா சம்மதம்தானே" என்றார் அவர். அப்புறம் ஹஜ்ரத் சிரித்தது கேட்டது. "பாய், நீங்க நிக்காஹ் மஸ்அலாவ எடுத்து வீட்டுப் பத்திரத்துல ஒட்டிட்டீங்க. கன்னிப் பொண்ணு சும்மா இருந்தா சம்மதம்ங்கறது கல்யாணத்துக்கு. வெக்கப்படும்னுதான் அந்தச் சலுகை. சொத்த விட்டுக்குடுக்கறதுல இன்னா வெக்கம்? அதுக்கு வாயால சொல்லணும்" என்றார்.

அண்ணே, பதினாலு வருஷம். நான் ஒருத்தி மட்டுமல்ல, நம் தெருவில் எத்தனை தங்கைகளை இப்படித் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து ஊமையாக்கியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் நல்லவர்கள்தான். யாரும் திருடவில்லை. ஒரு சட்டத்தை இன்னொரு சட்டத்தின் இடத்தில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கவுஸ் பாஷா விடவில்லை. சும்மா இருந்தது மட்டுமில்லை, உள்ளேயிருந்து "சரிங்கிறா" என்று ஒரு குரல் வந்தது, அதைக் கேட்டுத்தான் எழுதினோம் என்றார். எனக்கே அது புதிது. அப்படி ஒரு குரல் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் அண்ணி பேசினார். அவர் குரல் கூடத்து ஆம்பளைகளுக்குக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் தெரியவில்லை.

"அது நான்தான். அவ ஒன்னும் சொல்லல. தலகூட ஆட்டல. இன்னா சொல்றான்னு வெளிய கேட்டாங்க. அவர் தொண்டையக் கனச்சாரு. நான் வந்து ஆறு மாசம் ஆன புதுப்பொண்ணு. அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும். சரிங்கிறான்னு சொல்லிட்டேன். பதினாலு வருஷமா அது எனக்கு நெஞ்சுல முள்ளா இருக்குது."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். உங்களுக்கு அந்தக் கனைப்பு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை. இருபத்தேழு வயதில், அப்பா இல்லாத வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள். பயம் உங்களுக்கும் இருந்திருக்கும்.

ஹஜ்ரத் என்னைக் கேட்டார். உன் பங்கை உன் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறாயா, அம்மா, என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "இல்லை" என்றேன். மூன்றாவது தடவை தெருவில் கேட்டிருக்கும். கொல்லைக் கதவுக்கு வெளியே குடத்தோடு காத்திருந்தவர்களுக்குக் கேட்டதாக அன்வரி பேகம் சொன்னார். நிக்காஹ்வில் மூன்று "கபூல்" சொல்லவைத்து என்னை ஒரு வீட்டுக்கு அனுப்பினீர்கள், அது நிலைக்கவில்லை. இந்த மூன்று "இல்லை"யில் கிடைத்தது நிலைக்கட்டும் என்று துஆச் செய்யுங்கள்.

மறுநாள் கயிறு போட்டு அளந்தார்கள். கொல்லை என் பங்குக்குச் சரியாக வருகிறது, அரைக் கஜம் குறைவாகவே. அதை நான் கேட்கவில்லை. கிணறு பொது என்று எழுதிக்கொண்டார்கள். இஷ்தியாக் பாய் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். உப்புப் போட்டுத்தான்.

அறை முடிந்துவிட்டது. பூச்சு வழவழவென்று முட்டை ஓடு மாதிரி இருக்கிறது. நிலைப்படி வைத்த அன்று பரந்தாமன் மறந்துபோன சாமான்களை எடுத்துப்போக வந்தார். எல்லம்மாவின் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கரண்டியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அன்வரி பேகம் தன் வீட்டுச் சார்ப்புக்கு எல்லம்மாவைக் கேட்டிருக்கிறார்.

எலுமிச்சை நாலும் போய்விட்டது. மாதுளை அடிமரத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பாகத் துளிர் விட்டிருக்கிறது. கணியம்பாடியிலிருந்து மூன்று தென்னங்கன்று வந்தது, உப்பு ஜாஸ்தியாக இறங்கிய இடத்தில் வைத்திருக்கிறேன். பங்குப்படி இரண்டு உங்களுக்கு, ஒன்று எனக்கு. ஆனால் மூன்றும் என் நிலத்தில் நிற்கிறது, இளநீர் வேண்டுமென்றால் நீங்கள்தான் வரவேண்டும். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்கிறாள் எல்லம்மா. உங்கள் கோபம் ஆறுவதற்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இந்தக் கடிதமே. அண்ணி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. தபால்காரர் மணி கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்குப் போகிறார், வெறுங்கையோடு வந்து அடுப்பை ஊதுகிறார். உங்களுக்குக் கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள். பழக்கம்தான், தாங்குவேன். அவர்மேல் காட்டாதீர்கள். பேர்ணாம்பட்டில் என் கைக்கு வந்த மாதிரி ஒரு கடிதம் இந்த வீட்டுக்கு வரக்கூடாது. வந்தால், என் அறையில் மூன்று பாய் விரிக்க இடம் இருக்கிறது. அதை அளந்துதான் கட்டினேன். அன்று திரைக்குப் பின்னால் சைரா தன் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். நாளைக்கு அவளை யாராவது ஒரு திரைக்குப் பின்னால் உட்காரவைத்துக் கேட்டால், அவள் வாய் திறந்து பேசவேண்டும் என்று உங்களுக்கும் ஆசை இருக்காதா?

அண்ணிக்கு ஒரு வரி எழுதுங்கள். ஜமாஅத்துக்கு எழுதத் தெரிந்த கைக்கு அது பெரிய காரியமில்லை.

பக்ரீத்துக்கு வாருங்கள். நீங்கள் வந்து மூன்று வருஷம் ஆகிறது. பத்து வருஷம் உங்கள் வீட்டில் நான் விருந்தாளியாக இருந்தேன். இரண்டு நாள் என் வீட்டுக்கு விருந்தாளியாக வாருங்கள். கிழக்கு ஜன்னல் ஓரம் கட்டில் போடுகிறேன். நம் கிணற்றுத் தண்ணீர் இன்னும் தித்திக்கிறது. ஸ்டேஷனிலிருந்து நேராகக் கொல்லை வழியாகவே வாருங்கள். புதுக் கதவு, வேப்பம்பலகை, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும். வெளியே நின்று எப்போதும்போல் தொண்டையைக் கனைக்காதீர்கள். அதற்குத் திறக்கமாட்டேன். மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த நாளில் கூப்பிட்ட மாதிரி, நசீம் என்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஓடி வந்து திறக்கிறேன்.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
நசீம்
கிணற்றடி அறை, ஆம்பூர்